கருப்புத் திரைக்குப் பார்டர் கேட்டவர்கள்

கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆனால் ஒருவர்தான் போன் செய்வார். கலர் பிடிக்காமல் போனால் ஊரே போன் செய்யும். அந்த போனை எடுப்பதுதான் என் தொழில்.

நீங்களும் கடை கவுன்டரிலோ, பாங்கு ஜன்னலுக்குப் பின்னாலோ, டெலிபோனின் மறுமுனையிலோ உட்கார்ந்து நாள் முழுக்க "சொல்லுங்க சார்" என்று சொல்கிறவரா? அப்படியானால் கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். நாம் ஒரே இனம்.

எங்கள் ஆபீஸ் குர்லாவில். கீழே நசுங்கிய கார்களைத் தட்டி நேராக்கும் பட்டறை, மாடியில் நாங்கள். முதலாளி சுந்தரேசன், புரோகிராம் எழுதும் ஃபர்ஹான், போன் எடுக்கும் ஜெபா என்கிற நான். நாங்கள் விற்பது ஒரு டெர்மினல். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு மட்டும் தேவைப்படும் சாமான் அது. படம், பட்டன் எதுவும் இருக்காது. கருப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் கம்ப்யூட்டர் கேட்டு நடக்கும், அவ்வளவுதான். எங்களுடையதில் என்ன விசேஷம் என்றால், கலர், எழுத்து, சத்தம் எல்லாவற்றையும் அவரவர் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பெயர் 'பலகை'. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த சுந்தரேசன் சார், வைத்தால் தமிழ்ப் பெயர்தான் வைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். விளைவு, மும்பையில் பாதிப் பேர் அதை 'பாலக்' ஆக்கிவிட்டார்கள். காலையில் போனை எடுத்தால், "பாலக் ஆபீஸா?" என்று கீரைக்கடையை விசாரிப்பதுபோல் விசாரிப்பார்கள்.

லோயர் பர்த்

வேலை கிடைத்த அன்று தாராவி வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம், "குர்லாவுல டெர்மினல் கம்பெனிம்மா" என்றேன். தப்பு அங்கேதான் நடந்தது. அம்மாவுக்குத் தெரிந்த குர்லா டெர்மினல் ஒன்றே ஒன்று, ஊருக்கு ரயில் கிளம்பும் இடம். விளக்கு வைப்பதற்குள் மகளுக்கு ரயில்வேயில் வேலை என்று சந்து முழுக்கச் சொல்லியாயிற்று. அது மே மாத லீவுக்கு எல்லாரும் டிக்கெட்டுக்கு அலையும் சமயம் வேறு. எதிர்வீட்டு அண்ணன் ஆதார் கார்டு நகலோடு வந்து, "ஆச்சிக்கு முட்டு வலி தங்கச்சி, லோயர் பர்த்தா பாத்துக் குடு" என்றார். பின்சந்து அக்கா ஒரு டப்பா நிறைய வஞ்சிர மீன் வறுவலோடு வந்தார். நான் விஷயத்தைச் சொல்வதற்குள் அப்பா பாதி டப்பாவைக் காலி செய்துவிட்டார். இனிமேல் எந்த முகத்தோடு இல்லை என்பது?

வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து, லாப்டாப்பைத் திறந்து, பலகையை ஓடவிட்டேன். கருப்புத் திரையில் மஞ்சள் எழுத்து வரிவரியாக மேலே ஏறிக்கொண்டே போனது. "பாத்தீங்களா? இதுக்கும் ரயிலுக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன். எல்லாரும் மரியாதையாகப் பார்த்தார்கள். அம்மா மட்டும் திரைக்குக் கிட்டே போய், நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏட்டி, இது வெயிட்டிங் லிஸ்டுதான? இதத்தான நானும் எல்லார்ட்டயும் சொன்னேன்!"

உல்லாஸ்நகர் மனோஜ்

எங்கள் ஆப்புக்கு யாராவது ஒற்றை நட்சத்திரம் போட்டால் நான் கூப்பிட்டுக் காரணம் கேட்க வேண்டும். உல்லாஸ்நகரிலிருந்து மனோஜ் என்பவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு, "என் வாழ்க்கை வீணாகிவிட்டது" என்று எழுதியிருந்தார். பயந்துபோய்க் கூப்பிட்டேன். ஆள் இந்தியில் கொட்டித் தீர்த்தார். பலகை வந்ததிலிருந்து அவர் கலர் மாற்றுவதைத் தவிர வேறு வேலையே பார்ப்பதில்லையாம். காலையில் நீலம், சாயாவுக்குப் பிறகு ஆரஞ்சு, சாயங்காலம் களைப்பாக இருந்தால் சாம்பல். லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வரும்போதும் மனசு எழுத்து வடிவம் தேடுகிறதாம். நடுவில் கீழே பட்டறையில் சம்மட்டி விழுந்தது. "என்ன சத்தம் அது?" என்றார். "டெவலப்மென்ட் நடக்கிறது சார்" என்றேன்.

கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் அந்த ஒற்றை நட்சத்திரம் ஐந்தாகியிருந்தது. எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன். மனோஜ் குரலில் அப்படி ஒரு ஆனந்தம்: "மானேஜர் பிடிச்சுட்டார் மேடம். திட்டுவார்னு பார்த்தா, இந்தக் கலர் எப்படி வந்துச்சுன்னு கேட்டார். இப்ப ரெண்டு பேருமே வேலை பாக்கறதில்ல. பஹுத் பஹுத் சுக்ரியா!"

அரக்கு பார்டர்

திலக் நகரில் விஜயம் மாமி என்று ஒருவர். வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு புரோகிராம் எழுதுகிறவர். அவர் அனுப்பிய புகாரைப் படித்துவிட்டு சுந்தரேசன் சார், "இதுக்கு நான் பதில் எழுதினா மாமி தப்புத் திருத்தி அனுப்பிடுவா. நீ நேர்லயே போயிட்டு வந்துடு" என்றார். போனேன். மாமியின் திரை கிளிப்பச்சையில் ஜொலித்தது. அந்தப் பச்சை சும்மா வரவில்லை. நாத்தனார் கல்யாணத்துக்கு எடுத்த காஞ்சிபுரம் பட்டை லாப்டாப் பக்கத்தில் வைத்து, டியூப்லைட்டில் ஒருமுறை, பால்கனி வெளிச்சத்தில் ஒருமுறை என்று ஒப்பிட்டு ஒப்பிட்டு ஒரு சனி, ஞாயிறைச் செலவழித்திருக்கிறார். நான் பார்த்தேன். நூல்கூட வித்தியாசம் இல்லை.

"அப்புறம் என்ன மாமி குறை?" என்றேன். மாமி முழுப் புடவையையும் சோபாமேல் விரித்தார். பச்சை உடல், ஒரு சாண் அகலத்துக்கு அரக்கு பார்டர். பிறகு திரையைக் காட்டினார். பச்சையைச் சுற்றி மெல்லிசாகக் கருப்பு விளிம்பு. அதை மாற்றும் வசதியை நாங்கள் வைக்கவில்லை. அது வெறும் ஓரம்தான், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று இழுத்தேன். ஃபில்டர் காபியை என் கையில் கொடுத்துவிட்டு மாமி கேட்டார்: "உடலுக்குக் கலர் குடுத்தேள், சரி. பார்டர் இல்லாத பட்டுப்புடவையை யாராவது காசு குடுத்து வாங்குவாளா? நீயே சொல்லு குழந்தே!"

வெள்ளையடிப்பு

மாமிக்காக ஃபர்ஹான் பார்டர் போட்டுக்கொடுத்தான். அது ஊருக்கே பிடித்துப்போய், ஒருவர் ஜரிகை வேண்டும் என்று எழுதினார். நாங்கள் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தபோதுதான் செம்பூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனி, தன் ஆட்கள் எல்லாருக்கும் பலகை வாங்கத் தயார் என்றது. அந்த ஆர்டர் வந்தால் பிழைத்தோம். வராவிட்டால் கீழே இருக்கும் பட்டறைக்காரர் மாடியையும் எடுத்துக்கொள்வார், நாங்கள் மூவரும் ஆளுக்கொரு திசையில் வேலை தேட வேண்டியதுதான். அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: எல்லார் திரையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சுந்தரேசன் சாருக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் எல்லா வசதிகளையும் வழித்தெடுத்துவிட்டு, கருப்பில் வெள்ளை எழுத்து மட்டும் என்று புதுப் பதிப்பை வெளியிட்டார். செம்பூருக்கு மட்டும் அல்ல, எல்லாருக்கும்.

அன்றைக்கு வந்த போன்களை நினைத்தால் இன்னும் காது கூசுகிறது. "வீட்டுக்கு வெள்ளையடிக்கறேன்னு வந்து, சுவத்துல இருந்த கல்யாண போட்டோவையும் சேர்த்துப் பூசிட்டீங்களே" என்றார் ஒருவர். பழைய கலரைத் திருப்பி வாங்கித் தருகிறேன் என்று நானாக எல்லாருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் எப்படி என்று யோசித்தேன். ஃபர்ஹானிடம் யோசனை கேட்கலாம் என்று அவன் மேஜைக்குப் போனால், அவன் லாப்டாப்பில் பழைய பலகை, பழைய கலரோடு சுகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. "புதுசு எழுதினதே நீதானே, நீயே போட்டுக்கலையா?" என்றேன். அவன் தலையைக்கூடத் திருப்பவில்லை: "பாகல் ஹை க்யா? பைத்தியமா உனக்கு? எழுதச் சொன்னாங்க, எழுதினேன். உபயோகிக்கச் சொன்னாங்களா?"

விசேஷ ஜெபம்

ஞாயிற்றுக்கிழமையாவது நிம்மதி என்று கோயிலுக்குப் போனேன். எங்கள் சபையில் டேனியல் என்று ஒருவர் ஐ.டி.யில் இருக்கிறார், பலகை பைத்தியம். என்னை நாலு பெஞ்சு தள்ளிப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. பாஸ்டர் ஐயா, யாருக்காவது ஜெபக் குறிப்பு உண்டா என்று கேட்டார். டேனியல் எழுந்தார். என்னைப் பார்த்துக்கொண்டே, "கலர் கலரா பாத்துக்கிட்டிருந்தேன் ஐயா. புதன்கிழமையிலருந்து எல்லாம் கருப்பும் வெள்ளையுமாத்தான் தெரியுது. பழையபடி ஆகணும்" என்றார்.

சபையே 'உச்' கொட்டியது. பாஸ்டர் ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாரையும் எழுப்பி நிறுத்தி, குருடருக்குப் பார்வை தந்தவரை நோக்கி உருக்கமாக ஜெபித்தார். பின்னால் ஒரு அக்கா விசும்பினார். டேனியல் இவ்வளவை எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார். எனக்குச் சிரிப்பு முட்டி, பாட்டுப்புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டேன். தோள் குலுங்குவதைப் பார்த்து நானும் அழுகிறேன் என்று நினைத்து ஒருவர் தட்டிக்கொடுத்தார். வாசலில் டேனியல் என் அம்மாவைப் பிடித்து, எல்லாம் என் கம்பெனி வேலை என்று புட்டுவைத்துவிட்டார். அம்மா அங்கேயே என் கையைப் பிடித்து நிறுத்தினாள்: "என்னட்டி இது, ரயில்வேல சேந்து ஒரு மாப்பிள்ளைப் பையன் கண்ணக் கெடுத்து வச்சிருக்க?"

சாவந்த் சாஹேபின் தப்பு

செம்பூர் கம்பெனிக்குப் பலகையை நேரில் காட்டும் நாள் வந்தது. பெரிய ஹால், பெரிய திரை, அதைவிடப் பெரிய ஸ்பீக்கர். முடிவு சொல்ல வேண்டியவர் சாவந்த் சாஹேப். சிரித்தே பழக்கமில்லாத முகம். சுந்தரேசன் சார் லாப்டாப்பைத் திறந்ததும் அது, 'அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள்' என்று உட்கார்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஃபர்ஹானுடையதை மாட்டினோம். மாட்டும்போதே ஃபர்ஹான் முகம் வெளிறியதை நான் கவனித்தேன். கலரையெல்லாம் அவசரமாகக் கருப்பு வெள்ளைக்கு மாற்றிய பிறகும் அவன் முகம் தெளியவில்லை, காரணம் எனக்குத் தெரியவில்லை. "நானே தட்டிப் பார்க்கிறேன்" என்று சாவந்த் வந்து உட்கார்ந்தார். முதல் கட்டளையிலேயே ஒரு எழுத்து பிசகியது. தப்பு நடந்தால் எழும்பும் சத்தமாக ஃபர்ஹான் தன் அம்மாவின் குரலைப் பதிந்து வைத்திருந்தான். ஹால் அதிர ஒரு பெண்குரல் இந்தியில் கத்தியது: "ஃபிர் கல்தி கியா? த்யான் கிதர் ஹை தேரா?" மறுபடியும் தப்பா, கவனம் எங்கே இருக்கு உனக்கு?

சுந்தரேசன் சார் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது, இந்த மாதத்தோடு கடையைக் கட்டிவிட வேண்டியதுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். சாவந்த் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒரு விரலால் வேண்டுமென்றே ஏதோ கன்னாபின்னாவென்று தட்டினார். "ஃபிர் கல்தி கியா?" இன்னொரு தடவை தட்டினார். மூன்றாவது திட்டுக்கு அவர் தோள் குலுங்கியது. "மாஜி ஆயி பண் அஸஞ்ச் ஓர்டாயச்சி" என்றார் மராட்டியில். என் அம்மாவும் இப்படித்தான் கத்துவாள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஹாலில் ஒருவரும் உட்கார்ந்த இடத்தில் இல்லை. வரிசையில் நின்று தப்புத் தப்பாகத் தட்டித் திட்டு வாங்கிக்கொண்டார்கள். அவரவர் அம்மா குரலை அவரவர் வைத்துக்கொள்ள முடியுமா என்று சாவந்த் கேட்டார். சுந்தரேசன் சார் தயங்கி, எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது உங்கள் நிபந்தனை ஆயிற்றே என்றார். சாவந்த் அவரை ஏற இறங்கப் பார்த்தார்: "திரை ஒரே மாதிரி இருக்கட்டும்னு சொன்னேன். அம்மாவும் ஒரே மாதிரி இருக்கணும்னு எப்ப சொன்னேன்?"

ஒரு விசித்திரமான போன்

ஆர்டர் கிடைத்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில் சுந்தரேசன் சார் ஃபர்ஹானைச் செம்பூரிலிருந்து குர்லா வரை திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தார். அந்த வாரமே எல்லா வசதிகளையும் எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்தோம். நான் வாக்குக் கொடுத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். சிலர், இப்போதுதான் கருப்பு பழகியது, அதற்குள் ஏன் மாற்றினீர்கள் என்று சண்டைக்கு வந்தார்கள். அதுவும் சரிதான்.

இதற்கு நடுவில் ஒரு போன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், தமிழ்க் குரல். "மேடம், நான் பலகையில எதையுமே மாத்தல. வந்தபடியே வச்சிருக்கேன். நல்லா இருக்கு. அதைச் சொல்லலாம்னுதான்..." என்றாள். நான் பேனாவை எடுத்து, "சரி, பிரச்சினை என்னன்னு சொல்லுங்க" என்றேன். பிரச்சினை இல்லை என்றாள். பார்டர்? சரியாக இருக்கிறது. சத்தம்? பிடித்திருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டேன். ஃபர்ஹான் நாற்காலியோடு உருண்டு வந்தான். சுந்தரேசன் சார் அறையிலிருந்து ஓடி வந்து, "இன்னொரு தரம் சொல்லச் சொல்லு" என்று சைகை காட்டினார். அவள் இன்னொரு தரம் சொன்னாள். மூன்று பேரும் வாயடைத்து நின்றோம். அந்த மௌனத்தில் அந்தப் பெண் பதறிவிட்டாள்: "ஸாரி மேடம், நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

திட்டுகிறவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று இத்தனை காலத்தில் நன்றாகவே பழகிவிட்டேன். பாராட்டுகிறவரிடம் என்ன பேசுவது என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் கொஞ்சம் போன் செய்து சொல்லுங்கள்.