மாமா கைதட்டிய பேச்சு

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆவணி மாதத்தில், குடுமியான்மலைக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் சித்தி மகளுக்குக் காதணி விழா. நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். 'மலைச்சரிவில் வீடு கட்ட அனுமதிக்கலாமா?' என்ற தலைப்பில் பேசி, புதுக்கோட்டைப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியதும் அந்த வாரம்தான்.

அதற்காக நிலச்சரிவு அபாய வரைபடங்களைத் தேடிப் படித்திருந்தேன். சரிவு எவ்வளவு செங்குத்து, மண் எவ்வளவு ஆழம், மழைநீர் எந்த வழியில் இறங்கும் என்றெல்லாம் ஆராய்ந்து, ஆபத்தான பகுதிகளுக்குச் சிவப்பு நிறம் தீட்டியிருந்தார்கள். மலையூர் ஒன்றில் பலசரக்குக் கடை நடத்தும் என் தாய்மாமா மனை வாங்கியிருந்த தெருவும் அந்தச் சிவப்புக்குள் இருந்தது.

சீர்வரிசையோடு வந்திறங்கிய மாமா, சரிவை வெட்டிச் சமப்படுத்தி வீடு கட்டப்போவதாகப் பந்தியில் பெருமையாகச் சொன்னார்.

"மச்சான், மழையில மண்ணு சரிஞ்சு வந்தா என்னங்க பண்ணுவீங்க?" என்றார் சித்தப்பா.

"அட போங்க மாப்ள! நம்ம குடுமியான்மலை என்னைக்காச்சும் நகந்து வந்திருக்கா?"

பந்தியே சிரித்தது. எங்கள் மலை ஒரே பாறை. அவர் வீடு கட்டப்போகும் மலையோ மரவேர்கள் பிடித்து நிறுத்தியிருக்கும் மண். இதை நான் அவர் இலைக்கு எதிரே நின்றே சொல்லியிருக்கலாம். மேடையில் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். எங்கள் வீட்டு விசேஷங்களில் மைக் என் கைக்கு வராமல் போனதே இல்லை.

அன்றும் வந்தது. "மலையன்னையின் மடியை அறுக்காதீர்!" என்று தொடங்கி, ஏற்ற இறக்கத்தோடு முழங்கினேன். மாமாவின் மனை, மாமாவின் தெரு என்ற சொற்கள் மட்டும் அந்தப் பேச்சில் இல்லை. ஆளைச் சுட்டிப் பேசுவது மேடை நாகரிகம் அன்று என்று எண்ணினேன். அவர் புரிந்துகொள்வார் என்றும் நம்பினேன். முதலில் கைதட்டியவர் அவர்தான். எழுந்து வந்து, தம் தோள் துண்டையே எனக்குப் போர்த்திவிட்டார்.

"எம் மருமக கலெக்டராத்தான் வருவா, பாத்துக்கங்க!"

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட நிறைவோடு இறங்கினேன்.

வீடு எழுந்தது. மறு ஆண்டு மழைக்காலத்தில், ஒரு பகல்பொழுதில், வெட்டிய சரிவு அதன்மேல் இறங்கியது. மாமா கடையில் இருந்தார். வீட்டிலிருந்த அத்தையை உயிரோடு மீட்டார்கள். அவருடைய இடது காலைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

மருத்துவமனையில் மாமாவிடம் அழுதபடி, அந்தத் தெரு சிவப்பில் இருந்ததையும், அவருக்காகவே அன்று அப்படிப் பேசியதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"நல்லாத்தான் பேசுன ஆத்தா. அது எனக்குச் சொன்னதுன்னு தெரியாமப் போச்சே. பக்கத்துல வந்து, மாமா அங்கிட்டுக் கட்டாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கப்புடாதா?"

இன்றும் மேடை ஏறுகிறேன், பரிசுகளும் வாங்குகிறேன். ஆனால் ஒருவர் அருகில் அமர்ந்து மெல்லச் சொல்ல வேண்டியதை ஊருக்கே உரக்கச் சொல்லி, அவருக்கு மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறேனோ என்ற அச்சம் என்னைவிட்டு விலகவே இல்லை.