தட்டிப் பார்க்காத படகு

போன ஞாயிற்றுக்கிழமை மலாக்கா காஜா பேராங் காப்பிக்கடையில் நான் ஒரு சிரிப்புச் சிரித்தேன். அது இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

நடந்தது இதுதான். புக்கிட் காதிலிலிருந்து ஒருவர் வந்திருந்தார். மீன்பிடிக்க ஒரு பழைய படகு வாங்கப்போகிறாராம். படகைப் பார்த்துச் சொல்ல விஷயம் தெரிந்த ஆள் யாராவது உண்டா என்று விசாரித்தார். லோரி ஓட்டும் தங்கராஜு, வாயிலிருந்த ரொட்டியை விழுங்காமலே பதில் சொன்னார்.

"யார வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க லா. நம்ம கணபதிய மட்டும் கூப்பிட்டுறாதீங்க. அவரு தட்டினா புழுவே எந்திரிச்சு வந்து கதவத் தொறக்கும்!"

கடையே சிரித்தது. நானும்தான்.

கணபதி என் பக்கத்து மேசையில்தான் இருந்தார். பல தலைமுறையாக இந்த ஊரிலேயே வாழும் செட்டிக் குடும்பத்துக்காரர். நெற்றியில் திருநீறு இருக்கும், வீட்டில் மலாய் பேசுவார்கள். தமிழில் சாமி பெயரும் சாப்பாட்டுப் பெயரும் தெரியும், அதற்கு மேல் ஓடாது. தன் பெயர் காதில் விழுந்தது, எல்லோரும் சிரிக்கிறார்கள்... அவரும் சிரித்துவைத்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து மலாயில் கேட்டார்:

"என்ன சொன்னான், கிராணி?"

"ஒன்றுமில்லை, சும்மா தமாஷ்."

என்ன தமாஷ்? அதைத்தான் இந்த வாரப் பத்தியில் சொல்லப்போகிறேன். சொல்வதற்கு எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வந்த சமயம் உங்களுக்கு நினைவிருக்கும். துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். கொண்டுபோக முடியாததையெல்லாம் விற்றார்கள். மலாக்காவில் யார் வீட்டுக்குப் போனாலும் துரை வீட்டுச் சாமான் ஏதாவது ஒன்று இருக்கும். ஒருவர் வீட்டில் ஐஸ்பெட்டி, இன்னொருவர் வீட்டில் பியானோ. எங்கள் தெருவில் ஒருவர் துரையின் நாயையே வாங்கினார். அது தமிழில் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது!

நான் இருபத்திரண்டு வருஷம் கிராணியாகக் கணக்கு எழுதிய தோட்டத்துத் துரையிடம் ஒரு படகு இருந்தது. சாதாரணப் படகு இல்லை. பக்கத்தில் பக்கமாக இரண்டு உடல், மேலே அகலமான தளம், நடுவில் ஓர் அறை. கட்டுமரத்தின் பெயரைத்தான் வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்திருக்கிறார்கள்... 'கேட்டமரான்'. ஆனால் நம் கட்டுமரத்தில் பச்சை வெல்வெட் மெத்தை உண்டா? பித்தளைக் குழாய் வைத்த குளியலறை? அடுப்பு, அலமாரி, கண்ணாடி ஜன்னல்? பெரிய கடலில் வாரக்கணக்கில் போய்வரச் சொல்லிச் செய்த படகு.

துரை அதை விற்கப்போகிறார் என்று கணபதியிடம் முதலில் சொன்னவன் நான்தான்.

கணபதி முப்பது வருஷம் கவர்மென்ட் லாஞ்ச் படகு ஓட்டியவர். அதிகாரிகள் 'போதும், திருப்பு' என்றால் திருப்பவேண்டும். கரை கண்ணுக்குத் தெரியாத இடம்வரை ஒருநாளும் போனதில்லை. பென்ஷன் வாங்கியபின் அவருக்கு இருந்தது ஒரே ஆசை. "ஒரு தடவை, கிராணி. சுற்றிலும் தண்ணீர் மட்டும் தெரியவேண்டும். யாரும் திருப்பு என்று சொல்லக்கூடாது." இருவரும் சேர்ந்து வாங்குவதென்று முடிவாயிற்று. முதலில் பினாங்கு. அங்கிருந்து மேற்கே, கரை மறையும்வரை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தக் கரையில் யார் படகு வாங்கினாலும் கணபதியைத்தான் கூட்டிப்போவார்கள். இடுப்பில் ஒரு சின்ன மரச்சுத்தி வைத்திருப்பார். தண்ணீர் வற்றும்வரை காத்திருந்து, சேற்றில் முழங்காலிட்டு, பலகை பலகையாகத் தட்டி, காதை வைத்துக் கேட்பார். நல்ல மரம் கணீரென்று பேசும் என்பார். காப்பாங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் கடல்புழு துளைத்திருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். அவர் தலையாட்டினால் படகு வியாபாரம் முடிந்தது. அந்தத் தலையாட்டல்தான் அவருடைய சொத்து.

படகைப் பார்க்க கிளேபாங் கடற்கரைக்குப் போனோம். துரை வெள்ளைக் காற்சட்டையில் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் என் கைகள் தாமாகவே மடங்கிக் கட்டிக்கொண்டன. சுதந்திரம் வாங்கிய குடிமகன் நான்! ஆனால் கைகளுக்கு அந்தச் செய்தி போய்ச்சேரவில்லை.

மேலே ஏறிப் பார்த்தோம். மெத்தையை அமுக்கினேன். குழாயைத் திருகினேன். "ஃபர்ஸ்ட் கிளாஸ், சார்" என்றேன். கீழே இறங்கியதும் கணபதி சேற்றில் முழங்காலிட்டு இடுப்பிலிருந்து சுத்தியை எடுத்தார்.

"கேத்தோக் டூலு, கிராணி" என்றார். முதலில் தட்டிப் பார்த்துவிடலாம் என்கிறார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"சும்மா இருங்கள்! துரை பொருளைத் துரை முன்னாலேயே தட்டுவதா? நம்பிக்கை இல்லை என்று நினைக்கமாட்டாரா?"

துரை பார்த்துவிட்டார். "அவருக்குப் பார்க்கவேண்டுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். நன்றாகக் கவனியுங்கள்... அவர் தடுக்கவில்லை. தாராளமாகப் பார்க்கட்டும் என்கிற முகம். கணபதிக்கு இங்கிலீஷ் தெரியாது. பதில் சொன்னவன் நான்.

"நோ சார். நாட் நெஸஸரி, சார்."

கணபதி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். சுத்தியைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டார்.

நல்ல நாள் பார்த்தோம். தேங்காய் உடைத்தோம், சூடம் காட்டினோம். புது மோட்டார் வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைப்போம், இதற்கு எங்கே வைப்பது? ஓர் உடலுக்கு ஒன்று என்று இரண்டு கட்டித் தொங்கவிட்டோம். பாய் விரிந்ததும் கணபதி சுக்கானைப் பிடித்தார். அறுபதை நெருங்கும் மனிதர் வாய்விட்டுப் பாடினார்.

பாட்டு பூலாவ் ஊப்பே தீவு வரைக்கும்தான். அது கரையிலிருந்து கூப்பிடு தூரம்.

இடது பக்கம் கனத்தது. உள்ளே போய்ப் பார்த்தால் வெல்வெட் மெத்தை மிதக்கிறது. கணபதி குனிந்து பலகையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். காப்பியில் ஊறிய ரொட்டிபோல விரல் உள்ளே போனது. அவரே படகைத் திருப்பினார். மூழ்குவதற்குள் கிளேபாங் மணலில் கொண்டுவந்து ஏற்றினார்.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. தச்சர் வந்து நாலு பலகையைப் பெயர்த்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இரண்டு உடலிலும் உள்ளே புழு. பழுதுபார்க்க நல்ல மரம் மிச்சமில்லை என்றார். அப்போது யாரோ கேட்டார்கள்: "கணபதி, நீ தட்டிப் பார்க்கவில்லையா?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஈரத் துணியோடு, வாயை மூடிக்கொண்டு. கணபதி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே ஒரே வார்த்தை சொன்னார்.

"லூப்பா."

மறந்துவிட்டாராம்! முப்பது வருஷமாகத் தட்டிய மனிதர், சொந்தப் படகுக்கு மறந்துவிட்டாராம்.

அதற்குப் பிறகு அவரை யாரும் படகு பார்க்கக் கூப்பிடவில்லை. சுத்தி இப்போதும் இடுப்பில் இருக்கிறது. பழக்கம், அவ்வளவுதான். கரை தெரியாத கடலைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருதடவைகூட 'உன்னால்தான்' என்று அவர் சொல்லாததால், அது என்னால் இல்லை என்று நானே பாதி நம்பத் தொடங்கிவிட்டேன். நாம் எல்லோருமே இப்படித்தானோ? நம்மைக் காட்டிக்கொடுக்காதவர்களிடம்தான் நமக்குத் துணிச்சல் அதிகம்.

என் மனைவிக்கு மட்டும் அன்றே தெரியும். "பாசார்ல மீன் வாங்குனா செவுளத் தூக்கித் தூக்கிப் பாப்பீங்க. மீன்காரக் கெழவி கத்தினாலும் விடமாட்டீங்க. அந்தத் தொரைகிட்ட மட்டும் கையக் கட்டிக்கிட்டு நின்னீங்களாக்கும்?" என்றாள். துரை கப்பலேறிப் போய்விட்டார். அவருக்குப் புழு விஷயம் தெரியுமோ தெரியாதோ, நான் கேட்கவே இல்லையே!

மிச்சமானது இரண்டு மெத்தைகள். காயவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இதையும் அதில் ஒன்றின்மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. அதுவும் உறுத்துகிறது.

ஆகவே ஊரறியச் சொல்கிறேன். கணபதி மறக்கவில்லை. சுத்தி அவர் கையில் இருந்தது. தட்டவிடாமல் பிடித்தது என் கை. புக்கிட் காதில்காரரே, படகு வாங்குமுன் கணபதியைக் கூட்டிப்போங்கள்.

எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே... அந்தத் தைரியத்துலதான எழுதுனீங்க?"

கணபதியின் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி. மலாயில் சொல்ல நாலு வார்த்தை போதும்.

அரைமணி நேரமாகச் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அது காலில்தான் இருக்கிறது.