கிழியாத பேனரும் வெல்லாத அணியும்

பேனர் அடிக்கிற கடைக்கு "அவசரமில்லை, ஆறுதலாய்ச் செய்யுங்கோ" என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு மனிதரை இருபத்திரண்டு வருஷத்தில் நான் கண்டதில்லை.

எங்கள் கடை மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருக்கிறது. பெட்டையள் பெரியபிள்ளையாகிற சாமத்திய வீடு, அரங்கேற்றம், கலியாணம், செத்தவருக்கு அந்தியேட்டி என்று தமிழாக்களின் நல்லது கெட்டது எல்லாத்தையும் வினைலில் அடித்துக் கொடுப்போம். மெஷினைப் பார்க்கிறவர் பிரான்சிஸ் அண்ணை. மன்னார் ஆள், அதிகம் கதைக்க மாட்டார். நீங்கள் அச்சகமோ, தையல் கடையோ, கேக் கடையோ எது நடத்தினாலும், "இன்னும் ஒரே ஒரு திருத்தம்" என்ற சொல்லைக் கேட்டு வயிறு எரிந்திருப்பீர்கள். இது உங்களுக்காகத்தான்.

முட்டைப் பந்து

போன கோடையில் மதி என்ற பெண்பிள்ளை கடைக்கு வந்தா. யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐந்து வயதில் ஐரோப்பா போன பிள்ளை. போன நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அவ என்னை உயிரோடு விடமாட்டா. அந்த நாட்டின் தேசிய அமெரிக்கன் புட்போல் அணிக்கு அவதான் மனேஜர். மொன்றியலுக்குப் பக்கத்தில் நாலு நாடுகள் சேர்ந்து விளையாடுகிற ஒரு சின்னப் போட்டிக்கு அணியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தா. அவவின் பெரியம்மா வீடு எங்கள் ரோட்டில்தான், அப்படித்தான் இந்த வேலை என் தலையில் வந்து விழுந்தது.

இந்த ஊரில் இவ்வளவு காலம் இருக்கிறேன், அந்த முட்டைப் பந்து எனக்குத் தெரியாததில்லை. ஐரோப்பாக்காரர் அதைத் தொடுவார்கள் என்பதுதான் தெரியாது. "பிள்ளை, உங்கடை நாட்டிலை உண்மையா உந்த முட்டைப் பந்து விளையாடுறவையோ?" என்று கேட்டேன். மதி பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துக்கொண்டே சொன்னா: "விளையாடுறம் அண்ணை. வெல்லுறதுதான் இல்லை."

பட்டியல்

முதல் பேனர் அணியின் சரித்திரம். நாற்பத்தைந்து வீரர்களின் படம், கீழே சர்வதேசப் போட்டிகளின் பட்டியல். அணி தொடங்கின நாள் முதல் வென்றது எத்தனை, தோற்றது எத்தனை என்று வரிசையாய் எழுத வேண்டும். பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஒரு போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியே. அடுத்ததற்குத் தெரிவாகவே இல்லை. இன்னொன்றில் கடைசி இடம். 'வெற்றி' என்ற நிரலில் மேலிருந்து கீழ்வரை பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.

தொழில் தர்மப்படி நல்ல புத்தி ஒன்று சொன்னேன். இந்த நிரலைத் தூக்கிவிட்டு ஒரு கழுகுப் படம் போடுவோம் என்றேன். மதி மறுத்துவிட்டா. பிறகுதான் விஷயத்தைச் சொன்னா. இந்த முறையும் பூச்சியத்தோடு திரும்பினால் தேசிய அணியைக் கலைத்துவிடுவது என்று அங்கே ஒரு குழு முடிவெடுத்திருக்கிறதாம். எட்டு வருஷமாய் வேலை முடிந்து வந்து, லீவெல்லாம் கொடுத்து அவ கட்டி வளர்த்த அணி. எனக்குச் சரியான கவலையாய்ப் போய்விட்டது. அவ திரையில் பட்டியலின் அடியைக் காட்டினா: "கீழை ஒரு வரி வெறுமையா விடுங்கோ அண்ணை. அதை நிரப்பத்தான் கடல் தாண்டி வந்தனாங்கள்."

மூக்கு

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சாமத்திய வீட்டுப் படம் வந்தால் பிரான்சிஸ் அண்ணை கேட்காமலே பருவை எடுப்பார், நிறத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்குவார், கன்னத்தில் லேசாய் ரோசா தடவுவார். தடவாவிட்டால் தாய்மார் சண்டைக்கு வருவார்கள். அந்தப் பழக்கத்தில் நாற்பத்தைந்து தடியன்களுக்கும் அதையே செய்துவிட்டார். தழும்புகள் போய், உடைந்த மூக்குகள் நிமிர்ந்து, எல்லாரும் புதுமாப்பிள்ளை மாதிரி நின்றார்கள்.

அடுத்த நாள் கதவை முழுதாய் அடைத்துக்கொண்டு ஒரு வீரர் வந்து நின்றார். பேனரில் தன் படத்தைத் தொட்டுக் காட்டினார். இருபத்தாறு வயதிருக்கும், குரலில் அழுகை வரப் பார்த்தது. நாற்பத்தைந்து முகத்தையும் திரும்ப அசல்படி அடிக்க எனக்கு ஒரு பகல் போனது. அந்த வீரர் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: "அந்த மூக்கை நாட்டுக்காக உடைத்தேன். தயவுசெய்து திருப்பித் தாருங்கள்."

மகளின் பேனர்

திருத்தின பேனர் சுவரில் காயும்போது, மகளின் அரங்கேற்றத்துக்குப் பேனர் பார்க்க ஒருவர் வந்தார். மகளுக்குப் பதினைந்து பட்டம் போட வேண்டும் என்று அரை மணித்தியாலமாய் நின்றவர். சுவரிலிருந்த அணியின் பட்டியலை மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் வாசித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உந்தத் தோல்வியளை ஏன் தம்பி வெளியிலை சொல்லுகினம்? வீட்டுக்குள்ளை வைச்சிருக்கலாமே."

பெரிய பேனர்

முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. மிஞ்சினது ஒன்று. அதற்கு முதல் நாள் மதி போன் எடுத்தா. மைதான வாசலில் கட்ட ஒரு பெரிய பேனர் வேண்டும், அணிப் பெடியள் முழு வேகத்தில் ஓடிவந்து அதில் மோதுவார்களாம். அவசரமாம். வேறென்ன.

நானும் பிரான்சிஸ் அண்ணையும் யோசித்தோம். ஒரு முறை கோயில் திருவிழாவில் எங்கள் பேனர் காற்றுக்குக் கிழிந்து, அந்த மானக்கேட்டை ஊர் ஒரு வருஷம் கதைத்தது. இது காற்றில்லை, நாற்பத்தைந்து தடியன்கள். ஆகவே கடையில் இருந்ததிலேயே தடித்த வினைலை எடுத்தோம். ஓரத்தை இரட்டையாய் மடித்துத் தைத்தோம். ஒவ்வோர் அடி நீளத்துக்கும் ஒரு வளையம் போட்டு நைலோன் கயிறு கோத்தோம். அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதுதான் அந்த விளையாட்டின் சடங்கு, அதற்கு மெல்லிய கடதாசிதான் போடுவது என்று எங்களுக்கு ஆர் சொன்னது? கிழிகிற பேனரை ஒருவர் காசு கொடுத்துக் கேட்பார் என்று கனவிலும் நினைக்கவில்லை.

நாங்களே போய்க் கட்டினோம். மேளம் அடித்தது, சனம் எழும்பி நின்றது. முதல் ஆள் மோதினார். பேனர் அவரை வாங்கி, அப்படியே திருப்பி எறிந்தது. பின்னால் வந்தவர்கள் ஒருவருக்கு மேல் ஒருவராய் விழுந்தார்கள். மூக்குக்காரர்தான் அடியில், மூக்கில் இரத்தம். எதிரணி புல்லில் உருண்டு சிரித்தது. மதி என்னைப் பார்த்த பார்வையில், அந்த இடத்திலேயே நான் இல்லாமல் போயிருக்கலாம் என்று இருந்தது. பிள்ளையின் எட்டு வருஷத்தை நான்தானே வாசலில் வைத்துக் கெடுத்துப்போட்டேன். பக்கத்தில் நின்ற பிரான்சிஸ் அண்ணை தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "பாத்தியே, ஒரு நூல் விடேல்லை."

வெறுமை வரி

விழுந்த கோபத்தில் பெடியள் அன்றைக்கு விளையாடினதை நான் பார்த்தேன். பேய் பிடித்த மாதிரி ஓடினார்கள். கடைசி நேரத்தில் இரண்டு பக்கமும் பதினாலு, பதினாலு. பிறகு இடி மின்னல் வந்து நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மேலதிக நேரம் என்ற ஒன்று அந்தச் சின்னப் போட்டியில் இல்லையாம். சமநிலை என்று அறிவித்தார்கள். வென்றதுமில்லை, தோற்றதுமில்லை. மழைக்குள் மதி நின்ற நிலையைப் பார்க்க ஏலாமல் நான் கயிறு அவிழ்க்கப் போனேன்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தா. ஏச்சு வாங்கத் தயாராய் நின்றேன். பட்டியல் பேனரைச் சுருள் விரித்து மேசையில் போட்டு, வெறுமை வரியில் விரலை வைத்தா. வெற்றிக்கு ஒரு நிரல், தோல்விக்கு ஒரு நிரல். சமநிலைக்கு நிரலே இல்லை. அதாவது முழுதையும் திரும்ப அடிக்க வேண்டும், அதுவும் பின்னேர விமானத்துக்கு முதல். "உங்கடை குழு என்ன சொன்னது, பிள்ளை?" என்று கேட்டேன். மதிக்குக் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது: "இதை எதிலை சேர்க்கிறதெண்டு அவைக்கே தெரியேல்லை அண்ணை. முடிவெடுக்க ஒரு வருஷம் தள்ளி வைச்சிருக்கினம். நீங்கள் புது நிரலைக் கொஞ்சம் அகலமா போடுங்கோ, அடுத்த வருஷமும் தேவைப்படும்."

இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் வெல்லாமல், ஒன்றும் கிழியாமல், வந்தவர் சந்தோஷமாய்த் திரும்பிப்போன ஒரே வேலை இதுதான், அதற்கும் ஒன்பது தரம் திருத்தம் செய்தேன்.