செம்மேட்டில் ஒரு பலகைத் துண்டும் என் நெற்றியும்

கொல்லிமலை முழுவதையும் ஒரே படமாக வரைந்து, பலகைத் துண்டுகளாக அறுத்து, செம்மேடு பஸ் ஸ்டாண்டில் வைத்திருக்கிறார்கள். போகிற வருகிறவர்கள் பொருத்தலாம்.

இன்று ஆபீஸ் முடிந்து பஸ்ஸுக்கு நின்றேன். வாழவந்தி நாட்டுக்காரர் ஒருவர் வெள்ளைக் கோடு போட்ட துண்டை எடுத்தார்.

“இது எங்க அருவிங்க.”

கூட வந்தவர் அவர் மனைவியின் அண்ணன், பக்கத்து நாட்டுக்காரர். “ஏனுங்க மாப்ள, உங்க நாட்டுல ஏது அருவி? அது எங்களுதுங்க.”

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. நாடென்றால் போரும் உண்டு போலிருக்கிறது.

மாப்பிள்ளை விட்ட முதல் குத்தில் மச்சானின் பல் தெறித்தது. “துண்டை உடுங்க மாப்ள” என்று மச்சான் மரியாதை குறையாமல், மாப்பிள்ளையின் தலையைப் பிடித்துப் படத்திலேயே மோதினார். மலையெல்லாம் ரத்தம். விலக்கப் போன என் நெற்றியை அந்தத் துண்டு கிழித்தது.

வந்த கோபத்தில் அதைப் பிடுங்கி, படத்தின் உச்சியில் வைத்து அழுத்தினேன். பொருந்திவிட்டது.

“அருவி இல்லைங்க, மேகம்” என்றேன்.

மாப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். “அந்த மேகம் எங்க ஊருக்கு மேலதானுங்க நிக்குது.”

மச்சான் மறுபடி வேட்டியை மடித்துக் கட்டினார்.

எனக்கு நெற்றியில் தையல். படத்தின் வானத்தில் இன்னும் நிறையத் துண்டுகள் பாக்கி. பொருத்த யார் வருகிறீர்கள்? ஹெல்மெட் கட்டாயம்.