இன்று காலை கடல் இருந்த நிறம்

ஒரு மாதமாக எதை வரைவது என்று தெரியாமல் கிடந்தேன். இன்று மார்கழி விடியலில் கிழக்கே வானமும் கடலும் ஒரே செம்புக் கறுப்பாகக் கிடந்தன. வெயில் ஏறியதும் அந்த நிறம் மறைந்துவிட்டது. அதற்குள் தீட்டிவிட்டேன்.

ஈரம் காயுமுன் அண்ணாச்சியின் காப்பிக் கடைக்குக் கொண்டுபோனேன்.

"ஏலே, யுத்தத்துல நீல வர்ணமும் ரேஷனாயிட்டா?" என்றார் அண்ணாச்சி. கடையே சிரித்தது.

அங்கிருந்த மீனவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

"நீலம் இல்லாமயா இப்படிப் போட்டிய?"

"இருக்கு. விடியக்காலம் கண்டதத்தான் போட்டேன்."

"இது பெருங்காத்து வார நெறம்லா!"

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கரைக்கு ஓடினார். புறப்பட நின்ற வள்ளங்களையெல்லாம் மேலே இழுக்க வைத்தார். அவர் தம்பியின் வள்ளம் மட்டும் விடியுமுன்பே போய்விட்டதாம்.

இப்போது மாலை நான்கு மணி. இலைகூட அசையவில்லை. கரையில் ஒரு காக்கை இல்லை. அந்த வள்ளமும் வரவில்லை.

என் படத்தைக் குறை சொன்னவர்களோடு இதுவரை சண்டைதான் போட்டிருக்கிறேன். இன்று யாராவது வந்து, எனக்கு நிறம் பார்க்கவே தெரியாது என்று சொல்லுங்களேன். உடனே ஒத்துக்கொள்கிறேன்.