கோவளத்தில் எட்டாவது கயிறு

காலை 6.20. அஸ்தினாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறும்போது என் வலது கை, வழக்கம்போல, என் மனைவி மாலதியின் முழங்கைக்கு அடியில் இருந்தது. ஒன்றேகால் வருடத்துக்கு முன்பு காதில் ஏதோ கோளாறு வந்து, தலை சுற்றிச் சமையலறையில் விழுந்தாள். காது சரியாகிவிட்டது, பயம் போகவில்லை. தனியாகக் கேட்டைத் தாண்ட மாட்டாள். பால், காய்கறி, மருந்து எல்லாம் என் பொறுப்பாயின. புலம்பிக்கொண்டேதான் செய்தேன். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு ஒருவர் என்னை இவ்வளவு நம்பியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குரோம்பேட்டையில் மின்சார ரயில். ஐந்து ரூபாய் டிக்கெட், இரண்டாவது ஸ்டேஷன் தாம்பரம். பேருந்து நிற்கும் இடத்தில் கீதா மற்ற பெண்களோடு காத்திருந்தார். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர். ஆறு மாதமாக எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் பின்னல் கோலாட்டம் சொல்லித்தருகிறார். மேலே ஒரு வளையம், அதிலிருந்து தொங்கும் எட்டு வண்ணக் கயிறுகள். ஒரு கையில் கயிறு, மறு கையில் கோல். நான்கு பேர் வலமாகவும் நான்கு பேர் இடமாகவும் ஓடி, எதிரே வருபவருக்கு ஒருமுறை உள்பக்கமும் அடுத்தவருக்கு வெளிப்பக்கமும் வழிவிட்டு ஆடினால், மேலே சடை பின்னிக்கொள்ளும். அப்படியே பின்னோக்கி ஆடினால் சடை அவிழும்.

தலை சுற்றுகிறவளுக்குச் சுற்றிச் சுற்றி ஆடுகிற ஆட்டமா என்று ஆரம்பத்தில் கீதாவிடம் சண்டைக்கே போனேன். அவர் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் மாலதியைச் சேர்த்தார். முதல் சில வாரம் நாற்காலியில் உட்கார்ந்தபடி கோல் தட்டல் மட்டும். இந்த ஆட்டத்தில் ஓர் ஆள் குறைந்தால் எல்லோருக்கும் ஆட்டம் இல்லை. அதனால் யார் வராவிட்டாலும் மாலைக்குள் யாராவது போய் அவர் வீட்டு மணியை அடித்துவிடுவார்கள். எங்கள் வீட்டு மணி மூன்று முறை அடிக்கப்பட்டது. மூன்றாவது முறைக்குப் பிறகு மாலதி தானாகவே படி இறங்கினாள். நான் ஸ்கூட்டரில் உட்கார்ந்து தினமும் அவர்கள் தப்புகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

காலை 7.15. கோவளம் பேருந்து. சாதாரணக் கட்டணப் பேருந்தாகையால் பெண்களுக்கு இலவசம். எங்கள் கூட்டத்தில் டிக்கெட் வாங்கிய ஒரே ஆள் நான்தான். வண்டலூர் தாண்டும்போது, ஆட்டத்தின் எட்டாவது ஆளான லலிதாவிடமிருந்து செய்தி வந்தது. காய்ச்சலாம், வரமுடியாதாம். ஏழு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெளியூரில் முதல் ஆட்டம், புதுத் தரை, புது முகங்கள். மாலதி அங்கே தடுமாறினால் மறுபடி கேட்டுக்குள் போய்விடுவாளோ என்பதுதான் வாரம் முழுக்க என் கவலை. ஆட்டம் நடக்காது என்றதும் எனக்கு உள்ளூர நிம்மதி. கண்டிகை வந்தபோது மாலதி என்னைக் காட்டி, “இவர் ஆடட்டும். எல்லாருடைய தப்பும் இவருக்குத் தெரியும்” என்றாள். பேருந்தே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

காலை 8.50. தாம்பரத்திலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். கோவளத்தில் படகுகள் கரையேறி, மீன் ஏலம் பாதி முடிந்திருந்தது. எங்களை அழைத்தவர் ரோஸ்லின் அக்கா. வாரம் இருமுறை எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவர். எங்கள் ஆட்டத்தை நின்று பார்த்துவிட்டு, தங்கள் பெண்களும் கூடையைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய், விற்றது போக மற்ற நேரமெல்லாம் சுருண்டு படுத்துவிடுகிறார்கள், வந்து கற்றுக்கொடுங்கள் என்று கீதாவிடம் கேட்டிருந்தார். வலை சீர்செய்யும் கொட்டகையின் குறுக்குச் சட்டத்தில் வளையத்தைக் கட்டிக்கொடுத்தார்கள். சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்தார்கள். ஓரத்தில் வலையைத் தைத்தபடி நாலைந்து ஆண்கள்.

காலை 10.30. லலிதாவின் பச்சைக் கயிறு என் கையில். முதல் இரண்டு சுற்று பிரமாதமாகப் போனது என்பது என் அபிப்பிராயம். மாலதி எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் நான் கோலைப் பார்க்காமல் அவள் கண்ணைப் பார்த்தேன், சுற்றுகிறதோ என்று. மூன்றாவது சுற்றில் மேலே சடை கோணியது. எங்கோ எதிரே வந்தவரை உள்ளே விடவேண்டிய இடத்தில் நானே உள்ளே நுழைந்திருக்கிறேன். பதற்றத்தில் கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.

“இழுக்காத சார், இறுகிப்பூடும். வலைன்னாலும் இதான். வந்த வழியே திரும்பிப் போ” என்றார் ரோஸ்லின் அக்கா.

வந்த வழி என்றால் தப்பு உட்பட வந்த வழி. எந்த இடத்தில் தப்பு செய்தேனோ அதே இடத்தில் அதே தப்பைப் பின்னோக்கிச் செய்தால்தான் பின்னல் அவிழும். எனக்கோ தப்பு நடந்தது எங்கே என்றே தெரியவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் முகம் வெயிலில்லாமலே எரிந்தது. கயிற்றை விட்டுவிட்டு வெளியே போய்விடலாம் என்று கையைத் தளர்த்தினேன்.

“விடாதீங்க” என்றாள் மாலதி. “எனக்கு ஞாபகம் இருக்கு. நீல டிரம் பக்கத்துல, என்னைத் தாண்டும்போது. நான் சொல்றப்ப உள்ளே வாங்க.”

எட்டுப் பேரும் பின்னோக்கி நகர்ந்தோம். நான் கால்களைப் பார்த்து நடந்தேன். அவள் நிமிர்ந்து, சுழன்றபடி, மேலே சடையையும் எதிரே என்னையும் மாறி மாறிப் பார்த்து வந்தாள். நீல டிரம் வந்தது. “இப்போ” என்றாள். அவள் கயிற்றுக்கடியில் குனிந்து புகுந்தேன். மேலே சடை அவிழ்ந்து எட்டுக் கயிறும் தனித்தனியாக விழுந்தன. கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கியது. கடல் காற்று என்று சொல்லிவைத்தேன்.

பிறகு ரோஸ்லின் அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பச்சைக் கயிற்றை வாங்கிக்கொண்டார். வலை தைத்தவர்களில் இருவரும் எழுந்து வந்தார்கள். பசி வரும்வரை அந்தக் கொட்டகையில் யாரும் உட்காரவில்லை.

மாலை 5.40. தாம்பரம். ரயிலுக்கு மேம்பாலப் படி ஏற வேண்டும். அலுவலகம் விட்டு வரும் கூட்டம் எதிரே இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் இதே படிகளில் அவளை ஒவ்வொன்றாக இறக்கிக் கொண்டுவந்தவன் நான். பழக்கத்தில் அவள் முழங்கையைத் தேடினேன். கிடைக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் என் முழங்கைக்கு அடியில் ஒரு கை வந்திருந்தது.

“கூட்டமா இருக்கு” என்றாள் மாலதி. “பார்த்து ஏறுங்க.”

நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.