மேரி பெயருக்கு ஓர் அர்ச்சனை

கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கிறவன் நான். கல்லூரியில் படிக்கும் என் மகள் பிரியாவும் அவள் தோழி மேரியும், புதிதாக வரப்போகும் காசநோய்த் தடுப்பூசியின் சோதனையில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று ஊசி போடும் நர்ஸுக்கே தெரியாதாம். எனக்குக் கோபமான கோபம். என் பிள்ளைக்குத் தண்ணீரைப் போட்டுவிட்டால்?

ஊசி போட்ட மறுநாள் பிரியாவின் கை வீங்கியது. மேரியின் கையில் ஒன்றுமே இல்லை. வீக்கத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று நர்ஸ் சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை.

"நம்ம புள்ளைக்கு மருந்துதான்!" என்று மேரி எதிரிலேயே துள்ளினேன். சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தண்ணியா இருந்தாலும் பரவால்லீங்க அங்கிள். ரெண்டு பக்கமும் ஆள் இருந்தாத்தானுங்க மருந்து வேலை செய்யுதான்னு தெரியும். எங்கப்பா டிபியில பட்ட பாட்டைப் பாத்தவ நானுங்க."



அந்த வெள்ளிக்கிழமை அவிநாசிக் கோயிலில், பிரியாவுக்காக வாங்கிய அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

"பேரு, நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

"மேரிங்க. நட்சத்திரம் தெரியாதுங்க."

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப சுவாமி நட்சத்திரத்துலயே பண்ணிடறேன்" என்று உள்ளே போனார்.

யாருக்கு மருந்து போனதென்று இன்னும் தெரியாது. அன்று வெளியே வந்து வண்டியை எடுக்கும்போதுதான், பிரியா பெயரைச் சொல்லவே இல்லை என்பது உறைத்தது. திரும்பிப் போகத் தோன்றவில்லை. மனசு நிறைந்துதான் இருந்தது.